பேயைப் பார்க்காமல் எழுதிய விமர்சனம்

மூன்று வாரங்களுக்கு முன் கார்த்திகா கைபேசியில் அழைத்தாள். நான் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த வாரப் பத்திரிகை இப்போது அச்சில் வருவதில்லை. இணையத்தில் மட்டும் இருக்கிறது. அதில் சினிமாப் பகுதியைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அச்சு நின்ற மாதமே நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நங்கநல்லூர் வீட்டோடு இருந்துவிட்டேன். எப்போதாவது ஏதாவது சந்தேகம் என்றால் அழைப்பாள்.

"சார், பேய்ப் படத்துக்கு இன்டர்வெல்லயே ரிவ்யூ போடணுமாம். செகண்ட் ஹாஃப் முடிஞ்சதும் அப்டேட் பண்ணிக்கலாமாம். பாதிப் பேயப் பாத்துட்டு எப்படி சார் ஸ்டார் குடுக்கறது?"

பாதிப் பேயையாவது பார்க்கிறாயே என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. நான் ஒரு முறை பேயையே பார்க்காமல் ஒரு பேய்ப் படத்துக்கு விமர்சனம் எழுதியிருக்கிறேன். அது அச்சிலும் வந்தது. அதை அவளுக்குக் கைபேசியில் சொல்லி முடிக்க முடியாது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அன்று சாயங்காலமே பரண்மேல் இருந்த டைரிகளை இறக்கினேன். கீழே வரும் விவரங்களெல்லாம் அவற்றில் உள்ளபடியே.

நான் அந்தப் பத்திரிகையில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்தேன். சினிமா விமர்சனம் எழுத அப்போது இரண்டு பேர் இருந்தார்கள். பேய்ப் படம் வந்தால் இருவருமே நழுவுவார்கள். ஒருவருக்கு ரத்த அழுத்தம். இன்னொருவர் வீட்டில் கைக்குழந்தை. பேய்ப் படம் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவர் மனைவி உத்தரவு. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த என்னிடம் டிக்கெட் வந்தது. எனக்கு இரண்டு தடையும் இல்லை.

முதல் இரண்டு வருடங்கள் வெறும் பயிற்சி. ஆழ்வார்பேட்டையில் ஒரு திரைப்படச் சங்கம் ஞாயிறு காலையில் பழைய படங்கள் போடும். அங்கே போய் உட்காருவேன். கறுப்பு வெள்ளைக் காலத்தில் பேயை அதிகம் காட்டமாட்டார்கள். ஒரு சலங்கைச் சத்தம், ஆடும் விளக்கு, திருப்பத்தில் மறையும் வெள்ளைப் புடவை, அவ்வளவுதான். வண்ணம் வந்ததும் எலுமிச்சம்பழமும் குங்குமமும் மண்டையோடும் வந்தன. பிறகு பங்களாவுக்குள் நாலு நகைச்சுவை நடிகர்கள் ஓடினார்கள். பேய் தன் முறை வரும்வரை ஓரமாகக் காத்திருந்தது. அண்மைக் காலத்தில் பேயை விடச் சத்தம்தான் பெரியது. பத்து விநாடி மௌனம், பிறகு காது கிழிகிற மாதிரி ஓர் அடி. இவற்றில் எதையும் நான் மட்டம் என்று நினைத்ததில்லை. படம் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சுவிட்சைத் தேடும்போது கை ஒரு கணம் தயங்குகிறதா என்பதுதான் என் கணக்கு. தயங்கினால் படத்தில் ஏதோ இருக்கிறது.

என் வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் விஷயம் அதில்தான் மாட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பகல் காட்சி. கடைசியிலிருந்து நான்காவது வரிசை, வலது ஓர இருக்கை. ஓரத்தில் உட்கார்ந்தால்தான் உடம்பைத் திருப்பி ஜனங்களின் முகத்தைப் பார்க்க முடியும். பேய்ப் படத்துக்குத் திரையில் பாதி, எதிரே இருக்கிற முகங்களில் பாதி. கையில் சட்டைப்பை அளவு நோட்டு. இருட்டில் எழுதும்போது வரி மேல் வரி ஏறாமல் இருக்க, எழுதி முடித்த வரியின்கீழ் இடது கட்டைவிரலை வைத்துக்கொண்டே இறங்குவேன். மூன்றே குறிகள். ஜனங்கள் தூக்கிவாரிப்போட்டது போல் துள்ளினால் புள்ளி. சத்தமே இல்லாமல் உறைந்தால் கோடு. நானே பயந்தால் வட்டம். வட்டம் அதிகம் விழாது. ஒரு படத்துக்கு இரண்டு விழுந்தால் நல்ல படம்.

படம் பிடித்துவிட்டால் மறுநாள் இன்னொரு முறை போவேன். அப்போது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பேன். எந்தப் பயம் படத்தினுடையது, எந்தப் பயம் ஒலிப்பெருக்கியினுடையது என்று அதில் தெரிந்துவிடும். பிடிக்காத படத்துக்கு ஒரு முறை போதும் என்று வைத்திருந்தேன். அது ஒழுங்கான ஏற்பாடாகத்தான் அன்று எனக்குப் பட்டது.

எங்கள் ஆசிரியர் வைதேகி மேடம். மயிலாப்பூரில் பிறந்து, அங்கேயே இருப்பவர். ஆசிரியராவதற்கு முன் பல வருடங்கள் கச்சேரி விமர்சனம் எழுதியவர். பேய்ப் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. "நான் ஆத்துல தனியா இருக்கேன், எனக்கெதுக்கு இதெல்லாம்" என்பார். என் விமர்சனங்களைக்கூடப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் நின்றுகொண்டுதான் படிப்பார். ஆனால் சரியான கேள்வியைச் சரியான வரியில் கேட்பார். நான் சேர்ந்த புதிதில் ஒரு படத்தைப் பற்றி "அரங்கமே பயத்தில் அலறியது" என்று எழுதியிருந்தேன்.

"நீ பயந்தியா, திடுக்கிட்டியா?" என்றார்.

இரண்டும் ஒன்றுதானே என்றேன்.

"ஒண்ணில்ல. குக்கர் விசில் அடிச்சா நானுந்தான் திடுக்கிடறேன். குக்கரப் பாத்து யாராவது பயப்படுவாளா?"

என் புள்ளியும் கோடும் அன்றைக்குத்தான் பிரிந்தன.

அவர் யாருடைய எழுத்தையும் அடிக்க மாட்டார். பென்சிலால் ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதுவார்: 'நிஜமா?' அந்தத் தாளோடு அவர் மேஜைக்குப் போய் நிற்க வேண்டும். ஆமாம் என்று நாம் சொன்னால் பென்சில் குறியை ரப்பரால் அழித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுப்பார். மேற்கொண்டு கேட்க மாட்டார். அதனாலேயே ஆமாம் என்று சொல்வதற்கு யோசனையாக இருக்கும். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

அவருக்கு ஒரு விதி இருந்தது. ஒரு படத்துக்கு ஒரு விமர்சனம்தான். தயாரிப்பாளர் வந்து நின்றாலும், ரசிகர்கள் கடிதம் எழுதினாலும், இரண்டாவது விமர்சனம் கிடையாது. ஒருத்தருக்குக் கதவைத் திறந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள் என்பார். அது எனக்கும் சரியென்றே பட்டது.

இனி அந்தப் படம். பெயர் வேண்டாம். புது இயக்குநர், புது நடிகர்கள். பூட்டிக் கிடக்கும் ஒரு லாட்ஜை விற்பதற்கு முன் அங்குள்ள சாமான்களைப் பட்டியல் எடுக்க ஒரு பெண் வருகிறாள். ஒரு நீள நடை, இருபுறமும் அறைகள். அவள் ஒவ்வோர் அறையாகத் திறந்து எழுதிக்கொண்டே போகிறாள். கதை அதுதான்.

அண்ணா சாலைப் பக்கம் ஒரு மல்டிபிளெக்ஸில், வெள்ளி பகல் 12.05 காட்சியில் பார்த்தேன். நோட்டில் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு குறியும் இல்லை. 'தெரியவில்லை' என்ற சொல் மட்டும் ஐந்து இடத்தில் இருக்கிறது. பின்வரிசையில் யாரோ "லைட்டப் போடுங்கப்பா" என்று சொல்ல, சுற்றி எல்லோரும் சிரித்தது பதிவாகியிருக்கிறது. இடைவேளைக்கு அப்புறம் ஏழு பேர் எழுந்து போனார்கள். பிடிக்காத படம், எனவே ஒரு முறைதான். சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். அதில் ஒரு வரி: 'இருட்டைக் காட்டுவது வேறு, இருட்டில் காட்டுவது வேறு, இந்த வேறுபாடு ஒளிப்பதிவாளருக்கு இன்னும் பிடிபடவில்லை.'

எழுதியதும் எனக்கே பிடித்துப்போன வரி. இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன்.

வைதேகி மேடம் ஜன்னலோரம் நின்று படித்தார். அந்த வரிக்கு நேரே பென்சில். நான் போய் நின்றேன்.

"சாமர்த்தியமா இருக்கு. நிஜமா?"

"ஆமாம் மேடம். ஒண்ணுமே தெரியல."

ரப்பரால் அழித்தார்.

புதன்கிழமை பத்திரிகை கடைகளுக்குப் போனது. அன்று மாலைக்குள் அந்த ஒரு வரியைப் படம் எடுத்துக் கைபேசிகளில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். எனக்கே என் வரி மூன்று பேரிடமிருந்து வந்தது.

வியாழன் காலை பத்தரை மணிக்கு அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். பருத்திச் சல்வார், முதுகில் பெரிய பை. வரவேற்பில் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஷமீமா. ராயப்பேட்டைக்காரி. பன்னிரண்டு வருடங்கள் உதவியாளராக இருந்துவிட்டு, தனியாகச் செய்த முதல் படம் அது.

சண்டைக்கு வந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எந்த தியேட்டர், எந்த ஸ்க்ரீன்ல பாத்தீங்க சார்?"

டைரியைப் பார்த்துச் சொன்னேன். அவள் அதை எதிர்பார்க்கவில்லை போலும். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இவ்ளோ எழுதி வெச்சிருக்கீங்களே. அதுக்கு முந்தின ஷோ அதே ஸ்க்ரீன்ல என்ன படம் ஓடிச்சுன்னு எழுதியிருக்கீங்களா?"

எழுதியிருந்தேன். அரங்குக்குள் நுழைந்த நேரம், வாசலில் கண்டது எல்லாவற்றையும் முதல் வரியில் எழுதுவது என் பழக்கம். அதில் இப்படி இருந்தது: '11.55. முந்தைய காட்சி விட்டது. நிறையக் குழந்தைகள். வாசலில் கண்ணாடி போடும் கூடை.'

"த்ரீடி படம்" என்றாள் ஷமீமா.

அவள் விளக்கியது இதுதான். முப்பரிமாணப் படம் போடும்போது புரொஜெக்டருக்கு முன்னால் ஒரு கண்ணாடியை மாட்டுவார்கள். அது வெளிச்சத்தில் பெரும்பங்கைக் குடித்துவிடும். அடுத்து சாதாரணப் படம் போடும்போது அதைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் விட்டால் படம் ஓடும். யாருக்கும் எதுவும் தெரியாது. பகல் வெளிச்சக் காட்சிகள் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இருட்டில் எடுத்த காட்சி மொத்தமாகச் செத்துப்போகும்.

"சார், எங்க படத்துல பேயை நீங்க பாத்தீங்களா?"

"பேய் எங்கே வந்துது? கடைசியில ஃப்ளாஷ்பேக்லதானே வருது."

அவள் என்னையே பார்த்தாள். "நடைக்கு அந்தக் கடைசில, சார். முதல் ரீல்லேந்து நிக்கறா. பதினாலு ஷாட். மியூசிக் கிடையாது, க்ளோஸ்-அப் கிடையாது. நிக்கறா, அவ்வளவுதான். ஒவ்வொரு ஷாட்லயும் ஒரு ரூம் கிட்ட வந்திருப்பா."

நோட்டைப் புரட்டி, 'தெரியவில்லை' என்று எழுதியிருந்த ஐந்து இடத்தையும் பார்த்தேன்.

அவள் வந்த காரியத்தை அப்போதுதான் சொன்னாள். அவளுக்கு இரண்டாவது படம் உறுதியாகியிருந்தது. அடுத்த வியாழக்கிழமை பூஜை. தி.நகரில் அலுவலகம் வைத்திருக்கும் தயாரிப்பாளர் நேற்று மாலை கூப்பிட்டு, என் வரியைக் கைபேசியில் காட்டி, வேறு ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் தேதி கேட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். புதுப் படத்தின் இயக்குநர் கெஞ்சியதன் பேரில் புதன்கிழமை வரை பொறுத்திருக்கிறார். எங்கள் அடுத்த இதழ் கடைக்கு வருவதும் புதன்கிழமைதான்.

"நீங்க பொய் எழுதிட்டீங்கன்னு சொல்ல வரல சார். நீங்க பாத்தது அப்படித்தான் இருந்திருக்கும். ஆனா அது நான் எடுத்தது இல்ல."

நான் உடனே எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சொல்வது சரியாக இருக்கலாம். அவளுக்குச் சாதகமாகவும் இருக்கிறது. நானே பார்த்தாக வேண்டும் என்றேன். அதற்குத்தான் வந்தேன் என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் படத்தை அந்த மல்டிபிளெக்ஸிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆனால் அதே திரையில் காலையில் அந்தக் குழந்தைகள் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பகல் காட்சிக்கு ஏதோ ஒரு சண்டைப் படம். இரண்டு டிக்கெட் எடுத்து, அதே நான்காவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தோம். விளம்பரம் ஓடத் தொடங்கியது.

"திரும்பிப் பாருங்க சார். புரொஜெக்டர் பூத் ஜன்னலப் பாருங்க. எத்தன வெளிச்சம் தெரியுது?"

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு.

"ரெண்டு இருந்தா கண்ணாடி மாட்டியிருக்குன்னு அர்த்தம். கழட்டியிருந்தா ஒண்ணுதான் தெரியும்."

பையிலிருந்து ஒளிமானியை எடுத்து, திரையில் வெள்ளையாக வந்த ஒரு பற்பசை விளம்பரத்தை அளந்தாள். வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்றாள். இருபது வருடங்களாக ஜனங்களின் முகத்தைப் பார்ப்பதற்காகத் திரும்பித் திரும்பி உட்கார்ந்தவன் நான். அந்த முகங்களுக்கு மேலே, நாலு முழ உயரத்தில் இருந்த ஜன்னலை ஒரு நாளும் பார்த்ததில்லை.

வெளியே வந்து பக்கவாட்டுப் படியேறி பூத் கதவைத் தட்டினோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். ஷமீமா விஷயத்தைச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

"இன்னா மா பண்றது. நாலு ஸ்க்ரீனுக்கு நான் ஒருத்தன் கீறேன். அத்த ஒவ்வொரு ஷோவுக்கும் கயட்டி கயட்டி மாட்டிக்கினு இருந்தா அடுத்த ஸ்க்ரீன்ல படம் யாரு போடறது? ஒரு வாரமா இப்புடித்தான் போவுது. ஒருத்தரும் வந்து கேக்கல. நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க."

கடைசி வாக்கியத்தை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னது போல இருந்தது.

நாங்கள் நிற்கும்போதே கண்ணாடியைக் கழற்றினார். கீழே அரங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது: "இன்னாடா மச்சி, திடீர்னு வெயில் அடிக்குது."

சனிக்கிழமை காலை பதினொரு மணிக் காட்சிக்கு அடையாறு பக்கம் ஒரு பழைய தியேட்டருக்குப் போனேன். அவள் படம் ஊரில் அந்த ஓர் இடத்தில், நாளுக்கு ஒரு காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே முப்பரிமாண வசதியே கிடையாது. ஷமீமாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தால் அவளுக்காகப் பார்ப்பேன்.

என்னோடு சேர்த்து மொத்தம் பத்தொன்பது பேர். நாலாவது நிமிடத்தில் அந்தப் பெண் முதல் அறையைத் திறக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால், நடையின் கோடியில், மஞ்சள் சுவருக்கும் கறுப்புக் கதவுக்கும் நடுவே, நிற்கிறாள் இன்னொருத்தி. யாரும் அவளைக் காட்டித் தரவில்லை. பார்த்தவர் பார்க்கலாம். எனக்கு முன்னால் இருந்த கணவன் மனைவியில் மனைவி மட்டும் பார்த்துவிட்டாள். கணவன் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அவன் "எங்க?" என்று தேடுவதற்குள் காட்சி மாறிவிட்டது. அதன்பின் இரண்டு பேரும் கதாநாயகியைப் பார்க்கவே இல்லை. அவளுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு பேரும் அப்படித்தான். நோட்டில் கோடு, கோடு, கோடு. ஒன்பதாவது அறையில் பட்டியலில் எழுதிக்கொண்டிருக்கும் பெண் பேனாவை உதறுகிறாள், மை தீர்ந்துவிட்டது. அவள் நிமிரவில்லை. கோடியில் இருந்தவள் இப்போது பக்கத்து அறை வாசலில் இருக்கிறாள். நான் வட்டம் போட்டேன். முதல் ஒரு மணி நேரத்தில் நாலு வட்டம். என் டைரிகளில் அதுவரை எந்தப் படத்துக்கும் நாலு விழுந்ததில்லை.

கடைசி இருபது நிமிடம் எல்லாவற்றையும் கெடுத்தது. அவள் யார், யார் அவளை ஏமாற்றியது, எப்படிச் செத்தாள் என்று ஒரு முன்கதை. அதில் மழையில் ஒரு பாட்டு. பேர் தெரியாதவரை அவள் பயமாக இருந்தாள். பேரும் ஊரும் தெரிந்ததும் பாவமாகிப் போனாள். பதினெட்டு பேரும் கைபேசியை எடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் ஷமீமாவை அழைத்தேன். வெளிச்சம் விஷயத்தில் தவறு என்னுடையது என்றும், அதை எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். கடைசி இருபது நிமிடத்தைப் பற்றியும் எழுதுவேன் என்றேன்.

"அது இந்தப் பட ப்ரொட்யூசர் சொல்லி சேத்தது சார். டைரக்டருக்கே புடிக்கல. அத விட்ருங்களேன். என் நியூஸ் மட்டும் போதும்."

விட முடியாது என்றேன். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சரி சார் என்று வைத்துவிட்டாள்.

ஞாயிறு மாலை அடுத்த இதழின் பக்கங்கள் முடிந்து அச்சுக்குப் போகும். அன்று காலை ஒன்பது மணிக்கு மயிலாப்பூரில் வைதேகி மேடத்தின் வீட்டுக்குப் போனேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். இரண்டு நோட்டுகளையும் காட்டினேன். அவர் காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது விமர்சனம் கிடையாதுன்னு நான் பல பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன், ரகு. உனக்காக மாத்தினா அவாள்லாம் என்ன கேப்பா?"

"இது ரெண்டாவது இல்ல மேடம். நான் முதல் விமர்சனமே இன்னும் எழுதல. அந்தப் படத்த நான் அன்னிக்குப் பாக்கல."

இதை நான் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. அனுமதிக்காவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன்: பேய்ப் படம் எழுதுவதை விட்டுவிட்டு பிழை திருத்த நாற்காலிக்குத் திரும்பிவிடுவது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மிரட்டல் ஆகிவிடும்.

அவர் எழுந்து போய் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, சனிக்கிழமை நோட்டை மறுபடி பார்த்தார். நாலு வட்டத்தையும் விரலால் தொட்டு எண்ணினார்.

"நாலுமே நீ பயந்ததா? திடுக்கிட்டதில்லையே?"

"பயந்தது."

பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். அடியில் பொடி எழுத்தில் திருத்தம் என்று போடக்கூடாது. தப்பு எங்கே வந்ததோ அதே பக்கம், அதே இடம், அதே நீளம், அதே பெயர். அந்த வாரத்துக்கான பெரிய படத்தின் விமர்சனம் அடுத்த இதழுக்குப் போகட்டும். தியேட்டர் பெயர் கூடாது. "அத எழுதினா உன் தப்ப அவா தலையில கட்டறாப்ல ஆயிடும். நீ திரும்பிப் பாக்கல, அவ்வளவுதான் நியூஸ்."

கடைசியாக வாசல் வரை வந்து சொன்னார்: "மனசு கேக்காம புகழ்ந்துண்டு எழுதாதே. அந்தப் பொண்ணுக்கு அது உதவாது."

மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். முதல் பத்தியில் நான் படத்தைப் பார்த்த விதத்தையும், என் தவறையும் சொல்லி, நான் எழுதிய அந்த வரியை மறுபடி எடுத்துப் போட்டு, அது உண்மை அல்ல என்று எழுதினேன். அடுத்து நடையையும் பதினான்கு காட்சிகளையும். கடைசிப் பத்தியில் அந்த இருபது நிமிடத்தை, முதல் விமர்சனத்தில் இருந்ததைவிடக் கடுமையாக. சாமர்த்தியமாக ஒரு வரி வந்தது, அடித்துவிட்டேன். மேடம் ஜன்னலோரம் நின்று படித்துவிட்டுக் கொடுத்தார். ஓரத்தில் பென்சில் குறி எதுவும் இல்லை.

இந்த இடத்தில் கார்த்திகாவுக்கு ஒன்று. பிடித்த படத்தை இரண்டு முறையும் பிடிக்காத படத்தை ஒரு முறையும் பார்ப்பது என்ற என் ஏற்பாடு தலைகீழானது. பிடித்த படத்தைப் பற்றித் தவறாக எழுதினால் வாசகருக்கு ஒரு பகல் வீணாகும். பிடிக்காத படத்தைப் பற்றித் தவறாக எழுதினால் யாரோ ஒருவருக்கு வேலை போகும். எந்தப் படத்தை அடித்து எழுதப் போகிறாயோ அதை இன்னொரு முறை, வேறு தியேட்டரில் பார். இடைவேளையில் மதிப்பெண் கேட்டால், படம் முடியட்டும் என்று சொல். ஒரு முறை சொன்னால் கோபிப்பார்கள். ஒவ்வொரு முறையும் சொன்னால் உன் வழக்கம் என்று விட்டுவிடுவார்கள்.

புதன்கிழமை பத்திரிகை வந்தது. அன்று முழுக்க ஷமீமாவிடமிருந்து தகவல் இல்லை. நானும் அழைக்கவில்லை. அந்த லாட்ஜ் படத்தின் இயக்குநரிடமிருந்து மட்டும் ஓர் அழைப்பு வந்தது. ஒரு தடவை அடித்தது போதாதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் ஒரு வரியைக்கூட மாற்றியிருக்க மாட்டேன்.

வியாழன் காலை எட்டே முக்காலுக்கு அவள் அழைத்தாள். பின்னால் நாதஸ்வரச் சத்தம்.

முந்தின நாள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தி.நகருக்குப் போயிருக்கிறாள். தயாரிப்பாளர் தானாக எதையும் படிப்பவர் இல்லை. மேனேஜரை அழைத்து, அவள் எதிரிலேயே சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் முதல் பத்தியைப் படித்ததும் தயாரிப்பாளர், "இன்னா, கேமராமேன் போய் அழுதாங்களா, மாத்தி எழுதிட்டாரா?" என்று கேட்டாராம். மேனேஜர் நிறுத்தாமல் கடைசிப் பத்தியையும் படித்துவிட்டார். அந்த இருபது நிமிடத்தைப் பற்றிய வரிகள் எல்லாவற்றையும்.

"அதக் கேட்டதும் சிரிச்சிட்டார் சார். இவ்ளோ திட்டறவன் சும்மா ஒண்ணும் பாராட்டிட மாட்டான், அந்தப் பொண்ணையே வெச்சுக்கலாம்னு மேனேஜர்கிட்ட சொன்னார்."

நல்லது என்றேன்.

"ஆனா அந்தக் கடைசிப் பத்தி நீங்க எழுதியிருக்க வேணாம் சார். டைரக்டர் என்கூடப் பேச மாட்டேங்கறான். என்னாலதான் ரெண்டாவது தடவ அடி வாங்கினேன்னு சொல்றான். அவன் என் ஃப்ரெண்டு."

மன்னிப்புக் கேட்பதற்கு அதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் சொன்னதில் தவறு இருப்பதாகவும் தோன்றவில்லை. லைட் ரெடியாம், கூப்பிடறாங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை பகல் வேறொரு பேய்ப் படத்துக்கு டிக்கெட் எடுத்தேன். முந்தின நாள்தான் வந்த படம். அன்றே பார்த்துவிட்டேன், கொஞ்சமும் பிடிக்கவில்லை. இது இரண்டாம் முறை, வேறு தியேட்டர். உட்காருவதற்கு முன் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் ஒரே வெளிச்சம். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம், ஒரு கொட்டாவிகூட விடாமல் கவனமாகப் பார்த்தேன்.

இரண்டாம் முறையும் பிடிக்கவில்லை. நிம்மதியாகப் போய் எழுதினேன்.